யோகா ஆசிரியராக ஆசையா? புதியவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் திருச்சியில் பத்து வருடமாக யோகா வகுப்பு எடுக்கிறேன். அதற்கு முன் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். 36 வயதில்தான் முதன்முதலாக ஜமுக்காளத்தை விரித்து உட்கார்ந்தேன். இப்போது என் வகுப்புக்கு வருகிறவர்களில் மாதம் ஒருவராவது "நானும் டீச்சர் ஆகலாமா மேடம்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லிவரும் பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

யோகா தொடங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. இப்போதே ஆசிரியர் பயிற்சியில் சேரலாமா?

சேர்த்துக்கொள்ள இடங்கள் நிறைய இருக்கின்றன. முன் அனுபவம் கேட்காத 200 மணி நேரப் பயிற்சிகள் ஏராளம். இருந்தாலும் ஒரு வருடம் பொறுங்கள் என்றுதான் சொல்வேன். புதியவராகப் போனால் முதல் இரண்டு வாரமும் உங்கள் முழங்கால் வலியோடும் தொடை இறுக்கத்தோடும்தான் போகும். பக்கத்தில் இருப்பவர் எப்படி மூச்சு விடுகிறார், அவருடைய இடுப்பு எந்தப் பக்கம் கோணுகிறது என்று கவனிக்க மனத்தில் இடமே இருக்காது. ஆசிரியருக்கு முதலில் வேண்டியது அந்தக் கவனம்.

வாரத்துக்கு நான்கு நாள், நாளைக்கு ஒரு மணி நேரம், ஒரே ஆசிரியரிடம் கற்றுக்கொள்ளுங்கள். ஐம்பது வாரத்தில் 200 மணி நேரம் வந்துவிடும். சான்றிதழ்ப் பயிற்சிக்கு எவ்வளவு நேரமோ, அவ்வளவு பழக்கத்தை உடம்பில் சேர்த்துக்கொண்டுதான் அங்கே நுழைவீர்கள். புனேயில் யோகா கற்பித்த பி.கே.எஸ். ஐயங்கார் வழியில் இந்தப் பொறுமை விதியாகவே இருக்கிறது. அங்கே பல ஆண்டுகள் மாணவராக இருந்தவர்தான் ஆசிரியர் தேர்வுக்கு வர முடியும்.

குனிந்தால் கை தரையைத் தொடவில்லை. சிரசாசனம் வரவே வராது. நான் எப்படிச் சொல்லித்தருவது?

எனக்கு இன்றும் பத்மாசனத்தில் பத்து நிமிடம் உட்கார முடியாது. பத்மாசனத்துக்கு இடுப்பு மூட்டு வெளிப்பக்கமாக நன்றாகத் திரும்ப வேண்டும். அந்த மூட்டில் எலும்பு அமைந்திருக்கும் விதம் ஆளுக்கு ஆள் மாறும். இடுப்பு திரும்பாதவர் காலைப் பிடித்து இழுத்து வைத்தால், அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும். முழங்கால் முக்கியமாக மடங்கி நீளும் மூட்டு. அவ்வளவு முறுக்கை அது தாங்காது.

இதைப் புத்தகத்தில் படித்தவருக்கும் தன் உடம்பில் தெரிந்துகொண்டவருக்கும் வித்தியாசம் உண்டு. உங்களிடம் வரப்போகிறவர்கள் யார் என்று நினைத்துப் பாருங்கள். நாள் முழுக்க நாற்காலியில் இருக்கும் வங்கி ஊழியர், சிசேரியன் ஆன பிறகு முதுகு வலியோடு இருக்கும் தாய், இருபது வருடமாகத் தரையில் உட்காராத பெரியவர். இறுகிய உடம்போடு வருகிற இவர்களுக்கு, அந்த இறுக்கத்தைத் தானும் அனுபவித்த ஆசிரியர்தான் நல்ல துணை.

வயது வரம்பு உண்டா?

பெரும்பாலான பயிற்சிகளில் 18 முடிந்திருக்க வேண்டும். மேல் வரம்பைப் பற்றிக் கவலை வேண்டாம். என்னோடு படித்த பேட்ச்சில் ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் இருந்தார். இப்போது அவரும் ஊரில் வகுப்பு எடுக்கிறார்.

"200 மணி நேரம்" என்கிறார்களே, அந்தக் கணக்கு என்ன?

அமெரிக்காவில் 1999-இல் தொடங்கிய யோகா அலயன்ஸ் என்ற அமைப்பு, அடிப்படை ஆசிரியர் பயிற்சிக்கு 200 மணி நேரம் என்று வகுத்தது. அதுவே உலகம் முழுக்கப் பரவி, இன்று ரிஷிகேஷ் முதல் கோவை வரை விளம்பரப் பலகைகளில் தொங்குகிறது. 28 நாள் தங்கிப் படித்தால், வாரம் ஒரு நாள் விடுமுறை போக 24 நாள் மிஞ்சும். நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வகுப்பு இருந்தால்தான் 200 வரும். ஆகவே "12 நாளில் 200 மணி நேரச் சான்றிதழ்" என்று யாராவது சொன்னால், காகிதமும் பேனாவும் எடுத்து நீங்களே வகுத்துப் பாருங்கள்.

அந்த நேரத்துக்குள் ஆசனம், பிராணாயாமம், உடற்கூறியல், யோக நூல்கள், வகுப்பு எடுக்கும் முறை எல்லாமே அடங்க வேண்டும். ஒவ்வொன்றிலும் வாசலைத்தான் காட்ட முடியும். உள்ளே நடப்பது அதற்குப் பிந்தைய வருடங்களில்தான்.

யோகா அலயன்ஸ் சான்றிதழா, ஆயுஷ் சான்றிதழா? எது வேண்டும்?

இரண்டும் வேறு வேறு வகை. யோகா அலயன்ஸ் ஒரு பதிவேடு. அதில் பதிவான பள்ளியில் படித்து முடித்தால் உங்கள் பெயரைப் பதிந்துகொள்ளலாம். அந்த அமைப்பு உங்களை உட்கார வைத்துத் தேர்வு வைப்பதில்லை. பெயரைத் தக்கவைக்க வருடாவருடம் கட்டணம் உண்டு. வெளிநாட்டு ஸ்டுடியோக்களில் வேலை தேடுகிறவர்களுக்கும், வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆன்லைனில் எடுக்கிறவர்களுக்கும் உதவும்.

நம் நாட்டில் யோகா, ஆயுர்வேதம், சித்தா போன்றவற்றைக் கவனிக்கும் மத்திய ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் யோகா சான்றளிப்பு வாரியம் இருக்கிறது. 2018-இல் அமைந்தது. நீங்கள் எங்கே படித்தீர்கள் என்பதைவிட என்ன தெரியும் என்பதை அது சோதிக்கிறது. எழுத்துத் தேர்வு உண்டு. செய்து காட்டி, சொல்லிக்கொடுத்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லும் செய்முறைத் தேர்வும் உண்டு. ஆசிரியர் வரிசையில் முதல் படி யோகா புரோட்டோகால் இன்ஸ்ட்ரக்டர். ஜூன் 21 யோகா தினத்தில் எல்லா ஊரிலும் செய்கிற அந்த 45 நிமிடப் பொது வரிசையை முறையாக நடத்தத் தெரிந்தவர் என்று அதற்குப் பொருள். அதற்கான பாடம் 200 மணி நேர அளவு. அடுத்த படி யோகா வெல்னஸ் இன்ஸ்ட்ரக்டர், 400 மணி நேரம். அதற்கு மேல் டீச்சர் அண்ட் இவேலுவேட்டர் 800, மாஸ்டர் 1600 என்று போகும்.

உள்ளூரில் பள்ளி, அரசுத் திட்டம், கம்பெனி வகுப்பு என்று போக நினைப்பவருக்கு நான் வாரியத் தேர்வைத்தான் முதலில் சொல்வேன். முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் நின்று திரிகோணாசனத்தைச் சொல்லிக்கொடுத்து, "இதை யார் செய்யக் கூடாது?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது உங்களுக்கே நல்லது.

சான்றிதழ் இல்லாமல் வகுப்பு எடுத்தால் சட்டப்படி தவறா?

இந்தியாவில் யோகா ஆசிரியருக்கு உரிமம் கட்டாயம் என்று சட்டம் இல்லை. டாக்டர், வழக்கறிஞர் போல அல்ல. அதனால்தான் பொறுப்பு முழுக்க நம் தலையில் இருக்கிறது.

எங்கே படிக்கலாம்?

இதற்கு ஒரே பதில் கிடையாது. எந்த வழி உங்களுக்குப் பொருந்துகிறது என்று முதலில் தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்த சில இடங்களைச் சொல்கிறேன்.

சென்னையில் கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் இருக்கிறது. டி.கே.வி. தேசிகாச்சார் தன் தந்தை திருமலை கிருஷ்ணமாச்சார்யாவின் போதனையைத் தொடர 1976-இல் தொடங்கியது. ஆளுக்கு ஏற்ப ஆசனத்தை மாற்றுவது அவர்கள் முறை. ஒரே வகுப்பில் எல்லோருக்கும் ஒரே வரிசை என்று இருக்காது. இதில் ஒரு வியப்பான விஷயம் உண்டு. வரிசை மாறாமல் வேகமாகச் செய்யும் அஷ்டாங்க முறையைப் பரப்பிய மைசூர் பட்டாபி ஜோயிஸும், கட்டை, கயிறு, பெஞ்சு வைத்து நிதானமாக நிற்கச் சொன்ன புனே பி.கே.எஸ். ஐயங்காரும் இதே கிருஷ்ணமாச்சார்யாவின் மாணவர்கள். ஒரே குருவிடமிருந்து இத்தனை பாதைகள் பிரிந்திருக்கின்றன. "எந்த யோகா உண்மையானது?" என்று கேட்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

தங்கிப் படிக்க நினைத்தால் கேரளத்தில் நெய்யாறு அணைப் பக்கமும் மதுரை அருகிலும் சிவானந்த ஆசிரமங்கள் உள்ளன. சுவாமி விஷ்ணுதேவானந்தா 1969-இல் தொடங்கிய நான்கு வாரப் பயிற்சியை இன்றும் நடத்துகிறார்கள். விடியும் முன் எழுந்து, தியானம், பஜனை, இரண்டு ஆசன வகுப்பு, சொற்பொழிவு என்று இரவு வரை போகும். அவருடைய குரு சுவாமி சிவானந்தர் நம் திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடைக்காரர். மலேயாவில் டாக்டராக இருந்து, பிறகு ரிஷிகேஷ் போனவர். கோரைப் பாய்க்குப் பேர்போன ஊரில் பிறந்தவரின் வழியில் இன்று உலகம் முழுக்கப் பாய் விரித்து உட்காருகிறார்கள் என்று நினைக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

புதுச்சேரியில் சுவாமி கீதானந்த கிரி 1968-இல் நிறுவிய ஆனந்தா ஆசிரமம் இருக்கிறது. ஆழியாறில் வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலைக்குத் தலைமையிடம் இருக்கிறது. சின்ன ஊர்களில் அதன் மையங்களான அறிவுத்திருக்கோயில் வழியாக ஆசிரியரானவர்கள் நிறையப் பேர். தமிழிலேயே சொல்லிக்கொடுப்பதும், கிராமத்துப் பெரியவர்களும் செய்யும்படி எளிதாக வைத்திருப்பதும் அதன் பலம். வெளிமாநிலம் போக முடிந்தவர்களுக்கு மும்பையில் 1918-இல் தொடங்கிய தி யோகா இன்ஸ்டிடியூட், லோனாவாலாவில் 1924-இல் சுவாமி குவலயானந்தா தொடங்கிய கைவல்யதாமா, முங்கேரில் பிகார் யோகப் பள்ளி இருக்கின்றன. கைவல்யதாமாவில் ஆசனத்தின்போது உடம்பில் என்ன நடக்கிறது என்று அந்தக் காலத்திலேயே கருவி வைத்து அளந்து பார்த்தார்கள்.

பள்ளி கல்லூரி வேலைதான் குறி என்றால் பல்கலைக்கழகப் பட்டமோ டிப்ளமாவோ வேண்டும். தமிழ்நாடு உடற்கல்வி மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் யோகா படிப்புகள் உண்டு. கல்லூரிப் பேராசிரியர் ஆவதற்கான நெட் தேர்விலும் யோகா ஒரு பாடம்.

தங்கிப் படிப்பதா, சனி ஞாயிறா, ஆன்லைனா?

வீட்டில் சின்னக் குழந்தை இருக்கும்போது 28 நாள் வெளியே இருக்க முடியாது. நான் சனி ஞாயிறு வகுப்பில்தான் படித்தேன். வாரத்துக்கு ஐந்து மணி நேரம் வீதம் நாற்பது வாரம். அதில் ஒரு லாபம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை கற்றதைத் திங்கள் முதல் வெள்ளி வரை என் உடம்பிலும் என் அம்மா, தங்கை உடம்பிலும் செய்து பார்த்துவிட்டு, சந்தேகத்தோடு மறுபடி போவேன். நான்கு வாரத்தில் முடித்தவர்களுக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. தங்கிப் படிப்பவர்களுக்கோ, வேறு நினைப்பே இல்லாமல் மூழ்கியிருக்கும் வாய்ப்பு கிடைக்கிறது.

தத்துவம், உடற்கூறியல் எல்லாம் ஆன்லைனில் நன்றாகவே படிக்கலாம். ஆசனம் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியை மட்டும் நேரில் படியுங்கள். கேமராவில் ஒரு பக்கம்தான் தெரியும். புஜங்காசனத்தில் ஒருவர் தோளைக் காது வரை தூக்கிக்கொண்டிருப்பதும், மூச்சை அடக்கிப் பல்லைக் கடிப்பதும் பக்கத்தில் நின்றால்தான் புரியும்.

சமஸ்கிருதம் தெரியாது. தத்துவப் பாடம் புரியுமா?

புரியும். பதஞ்சலியின் யோக சூத்திரம் பதிப்புக்கு ஏற்ப 195 அல்லது 196 சிறு வாக்கியங்கள்தான். ஆசனத்தைப் பற்றி அதில் மிகக் கொஞ்சமே இருக்கிறது. "ஸ்திர சுகம் ஆசனம்" என்ற மூன்று சொல்லை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். இருக்கை அசையாமலும் இருக்க வேண்டும், சுகமாகவும் இருக்க வேண்டும். வகுப்பில் யாரைப் பார்த்தாலும் நான் இந்த இரண்டைத்தான் தேடுகிறேன். தமிழில் படிக்க ஆசைப்பட்டால் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தைத் திறந்து பாருங்கள். இயமம், நியமம், ஆதனம் என்று எட்டு உறுப்புகளையும் திருமூலர் சொல்லிக்கொண்டே போகிறார்.

ஆசனப் பெயர்களுக்குப் பயப்பட வேண்டாம். பாதம், அஸ்தம், திரிகோணம், புஜங்கம், சர்வாங்கம் என்று பல சொற்கள் நமக்கு ஏற்கெனவே பழகியவைதான்.

நான் வேறு மதம். சேரலாமா?

தாராளமாக. என் வகுப்பில் முஸ்லிம் பெண்களும் கிறிஸ்தவ சிஸ்டர்களும் இருக்கிறார்கள். ஓம் சொல்ல விரும்பாதவர் அந்த நேரம் மூச்சைக் கவனித்தபடி அமைதியாக இருப்பார். ஆசிரமங்களில் பூஜையும் பஜனையும் அன்றாடத்தின் பகுதி. அது உங்களுக்கு ஒத்துவருமா என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பயிற்சியில் அடிபடுமா?

படலாம். எனக்குப் பட்டது. பயிற்சியின்போது, காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பஸ்சிமோத்தானாசனத்தில் இருந்தேன். உதவி ஆசிரியர் ஒருவர் கேட்காமல் பின்னாலிருந்து முதுகை அழுத்தினார். உட்காரும் எலும்புக்குப் பக்கத்தில் சுருக்கென்றது. பின் தொடைத் தசைநார் எலும்போடு சேரும் இடம் அது. ரத்த ஓட்டம் குறைவான பகுதி என்பதால் ஆற நாளாகும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். எட்டு மாதம் பஸ் சீட்டில் சரியாக உட்கார முடியவில்லை.

அந்த நாளிலிருந்து யார் உடம்பையும் கேட்காமல் தொடுவதில்லை. பெரும்பாலும் தொடுவதே இல்லை. "இடது முட்டியைக் கொஞ்சம் மடக்குங்க" என்று வாயால் சொல்லிச் சரிசெய்யக் கற்றுக்கொண்டேன். பயிற்சியில் யாராவது உங்களை அழுத்த வந்தால் "வேண்டாம்" என்று சொல்லுங்கள். குருவிடம் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று தயங்க வேண்டாம். உங்கள் தசைநார் கிழிந்தால் வலி உங்களுக்குத்தான்.

சர்க்கரை, பி.பி. உள்ளவர்கள் வந்தால் என்ன செய்வது?

முதல் நாளே கேட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். என்ன மாத்திரை, என்ன ஆபரேஷன், எப்போது, கர்ப்பமா என்று எல்லாம். கண் அழுத்த நோய் உள்ளவரைத் தலைகீழாக நிற்க வைக்கக் கூடாது, கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவருக்குச் சிரசாசனம், சர்வாங்காசனம், மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி எதுவும் வேண்டாம். டிஸ்க் பிதுங்கியவரை முன்பக்கம் ஆழமாகக் குனிய வைக்காதீர்கள். எலும்பு மெலிந்த பெரியவர்களுக்கும் அப்படித்தான்.

அப்புறம் ஒன்று. "இதைச் செய்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம்" என்று எந்தச் சூழ்நிலையிலும் சொல்லாதீர்கள். மாத்திரையைக் குறைப்பது டாக்டர் வேலை. யோகாவை மருத்துவமாகவே செய்ய விரும்பினால் அதற்குத் தனிப் படிப்பு இருக்கிறது. சென்னை அரும்பாக்கம் அரசுக் கல்லூரியில் உள்ள, இயற்கை மருத்துவமும் யோகாவும் சேர்ந்த பி.என்.ஒய்.எஸ். பட்டப்படிப்பு, பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்தரை வருடம். 200 மணி நேரம் படித்த நாம் அந்த இடத்தில் நிற்க முடியாது.

முதல் வகுப்பு எடுக்கப் பயமாக இருக்கிறது.

எனக்கும் குரல் நடுங்கியது. மூன்று விஷயம் எனக்கு உதவியது.

முதலில், கண்ணாடி போலச் செய்யப் பழகினேன். மாணவர்களைப் பார்த்து நிற்கும்போது "வலது கையை உயர்த்துங்க" என்று சொல்லிக்கொண்டே நீங்கள் இடது கையை உயர்த்த வேண்டும். கேட்கச் சுலபமாக இருக்கும், மூளை குழம்பிவிடும். சமையலறையில் நின்று இரண்டு மாதம் பழகினேன்.

அடுத்து, சொல்லைக் குறைத்தேன். முதலில் பாதம் எங்கே, பிறகு மூச்சு உள்ளே, பிறகு கை. ஒரு மூச்சுக்கு ஒரு சொல் போதும். விளக்கம் கூடினால் ஜனங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பார்கள்.

மூன்றாவது, கூடவே செய்வதை நிறுத்தினேன். இதுதான் கடினமாக இருந்தது. நாம் குனிந்திருந்தால் நமக்குத் தெரிவது நம் முட்டி மட்டும்தான். ஒருமுறை செய்து காட்டிவிட்டு எழுந்து நடங்கள். பின்வரிசைக்குப் போங்கள். பின்வரிசையில்தான் புதியவர்களும் கூச்சப்படுகிறவர்களும் இருப்பார்கள்.

இதில் பிழைக்க முடியுமா?

உடனே முடியாது. என் முதல் காலை வகுப்பில் நான்கு பேர். அதில் ஒருவர் என் தங்கை. இரண்டு வருடம் ஆடிட்டர் அலுவலக வேலையை விடவில்லை. காலை ஆறு மணி வகுப்பு, பிறகு அலுவலகம், சாயங்காலம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வகுப்பு. மாதக் கட்டணக் குழு வகுப்பு, வீட்டுக்குப் போய் எடுக்கும் தனி வகுப்பு, பள்ளி, கம்பெனி, ஆன்லைன் என்று நான்கைந்து வழி சேர்ந்துதான் ஒரு சம்பளமாகும். ஏப்ரல், மே மாதத்தில் ஊருக்குப் போய்விடுவார்கள், கூட்டம் குறையும். ஜனவரியில் நிறையப் பேர் சேருவார்கள். இதை முன்பே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கிப் பெரிய ஃபீஸ் கட்டி, "சான்றிதழ் வந்ததும் சம்பாதித்து அடைத்துவிடலாம்" என்று மட்டும் இறங்காதீர்கள்.

சேரும் முன் அந்த இடத்தில் என்ன கேட்க வேண்டும்?

ஒரு பேட்ச்சில் எத்தனை பேர்? முக்கிய ஆசிரியர் எத்தனை மணி நேரம் நேரில் எடுப்பார்? உடற்கூறியல் எடுப்பவர் யார்? நான் எத்தனை முறை நிஜ மாணவர்களுக்கு வகுப்பு எடுத்து, திருத்தம் வாங்குவேன்? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். முடிந்தால் அங்கே படித்து முடித்த ஒருவருடைய வகுப்புக்கு ஒரு நாள் மாணவராகப் போய்ச் செய்து பாருங்கள்.

இந்த ஒரு வருடக் காத்திருப்பில் வேறு என்ன செய்யலாம்?

ஒரு நோட்டு வாங்குங்கள். தினமும் பயிற்சி முடிந்ததும் மூன்று வரி எழுதுங்கள்: எந்த ஆசனத்தில் மூச்சு நின்றது, எங்கே வலித்தது, எது நேற்றைவிட எளிதாக இருந்தது. ஆறு மாதம் கழித்து வீட்டில் ஒருவரை, அம்மாவோ அண்ணனோ, தாடாசனத்தில் நிற்கச் சொல்லுங்கள். எதையும் திருத்தாமல் ஐந்து நிமிடம் பாருங்கள். எந்தக் காலில் எடை அதிகம், எந்தத் தோள் இறங்கியிருக்கிறது, மூச்சு வயிற்றில் தெரிகிறதா நெஞ்சிலா என்று பார்த்ததை அதே நோட்டில் எழுதுங்கள். என் நோட்டில் முதல் பக்கத்தில் "அம்மாவுக்கு வலது செருப்பு மட்டும் ஏன் சீக்கிரம் தேய்கிறது என்று இன்று தெரிந்தது" என்று எழுதியிருக்கிறேன்.